தேர் தண்ணீர்மலைக்குப் போகும் நாளில் சர்வர் அறைக்குள்ளே...

‘இயக்குநர்கள் போனஸ் – இறுதிப் பட்டியல்’. கோப்பின் பெயரைப் பார்த்ததுமே எனக்குக் கை துறுதுறுத்தது! பினாங்கின் பாயான் லெப்பாஸில் ஒரு மின்னணுத் தொழிற்சாலை. அதன் கணக்குப் பிரிவுக் கணினி ஒன்றில், எத்தனையோ கோப்புகளுக்கு நடுவே அப்பாவியாகக் கிடந்தது அது. “திறந்து பாருங்கக்கா, ஒண்ணும் ஆகாது” என்றார் பக்கத்தில் நின்ற நெட்வொர்க் பொறியாளர், சிரிப்பை அடக்கிக்கொண்டு. திறந்தேன். பெயர்கள், ரிங்கிட்டுகள், கூட்டுத்தொகை. முதல் வரியைப் படித்து முடிக்கவில்லை, அவருடைய கைப்பேசி கத்தத் தொடங்கிவிட்டது. அறைக் கோடியிலிருந்த பெரிய திரையில் சிவப்பாக ஒரு பட்டை: எந்தக் கணினி, யாருடைய கணக்கு, எத்தனை மணிக்கு. அடுத்த கோப்பைத் திறக்கப் போனால் திறக்கவில்லை. நான் உட்கார்ந்திருந்த கணினியை நெட்வொர்க்கே கழற்றி விட்டிருந்தது!

பட்டியலில் இருந்த பெயர்கள் கற்பனை, தொகைகள் கற்பனை. அந்தக் கோப்பே ஒரு பொறி. அலுவலகத்தில் ஒழுங்காக வேலை பார்க்கிற யாருக்கும் அதைத் தொடவேண்டிய தேவை வராது. தொட்டால், வம்புக்கு அலைகிறவராக இருக்கவேண்டும், அல்லது திருட வந்தவராக இருக்கவேண்டும். இதுபோல இந்தக் கட்டடத்துக்குள் இன்னும் எத்தனை வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டேன். “அதை மட்டும் சொல்ல மாட்டேன்லா” என்றார். அந்த மறுப்பு எனக்கு மிகவும் பிடித்துவிட்டது.

தொழிற்சாலையின் பெயர் வரக்கூடாது, யாருடைய பெயரும் வரக்கூடாது, எந்த நிறுவனத்தின் கருவி என்றும் எழுதக்கூடாது. இதற்கெல்லாம் தலையாட்டிய பிறகுதான் உள்ளே விட்டார்கள். நான் போனது தைப்பூசத்துக்கு முந்தைய வாரம். தண்ணீர்மலை அடிவாரத்தில் பந்தலுக்குக் கால் ஊன்றிக்கொண்டிருந்தார்கள். பாயான் லெப்பாஸில் அதே தைப்பூசத்துக்கு வேறொரு ஏற்பாடு! கோப்புகளையெல்லாம் பூட்டிவிட்டு, திறவுகோலுக்குப் பணம் கேட்கும் ரேன்சம்வேர்க் கும்பல் உள்ளே புகுந்துவிட்டால் யார் என்ன செய்வது என்று ஒரு நாள் முழுக்க ஒத்திகை.

தைப்பூசத்துக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்கிறீர்களா? நாட்காட்டியைப் புரட்டிப் பாருங்கள். வானாக்ரை என்ற ரேன்சம்வேர் உலகைச் சுற்றி வந்த 2017 மே 12, வெள்ளிக்கிழமை. தைவானின் டிஎஸ்எம்சி சிப் ஆலைகளுக்குள் அதன் உருமாறிய வடிவம் பரவத் தொடங்கிய 2018 ஆகஸ்ட் 3, வெள்ளி. சரவாக்கின் கூச்சிங்கிலும் ஆலை வைத்திருக்கும் எக்ஸ்-ஃபேப் சிப் நிறுவனம் தாக்கப்பட்ட 2020 ஜூலை 5, ஞாயிறு. அமெரிக்காவின் கொலோனியல் பைப்லைன் எண்ணெய்க் குழாய் நின்ற 2021 மே 7, மறுபடியும் வெள்ளி. கசேயா என்ற மென்பொருள் வழியாக உலகெங்கும் எத்தனையோ சிறு நிறுவனங்கள் மாட்டிக்கொண்ட 2021 ஜூலை 2, அதுவும் வெள்ளி, அதுவும் அமெரிக்க சுதந்திர தின விடுமுறைக்கு முன்பு! நம் கோலாலம்பூர் அனைத்துலக விமான நிலையத்தில் ஊடுருவல் தெரியவந்த 2025 மார்ச் 23, ஞாயிறு, நோன்புப் பெருநாளுக்கு எட்டு நாள் முன்பு. எல்லாத் தாக்குதலும் இப்படி அமைவதில்லைதான். ஆனாலும் விடுமுறையில் விழித்திருங்கள் என்று அமெரிக்காவின் எஃப்பிஐ 2021இல் தனியாகவே எச்சரிக்கை விட்டது. பினாங்கில் சர்வர் அறை காலியாக இருக்கும் நாள் எது? வெள்ளித்தேர் பினாங்கு ஸ்திரீட் கோயில் வீட்டிலிருந்து புறப்பட்டுத் தண்ணீர்மலை நோக்கி வரும் நாளும் அதற்கு அடுத்த நாளும்தான்! பினாங்குப் பாலத்துக்கு இரண்டு பக்கமும் சாலை நிறைந்து வழியும். காவடி எடுப்பவர், தண்ணீர் கொடுப்பவர், வேடிக்கை பார்ப்பவர் என்று பாதி ஊர் மலையடிவாரத்தில் இருக்கும். பொறியாளரும் அங்கேதான் இருப்பார், பால்குடத்தோடு.

ஒத்திகை காலை ஒன்பது மணிக்கு ஒரு கூட்ட அறையில் தொடங்கியது. மேசையில் ஒட்டிய உறைகள். ஐடி பிரிவின் தலைவி, தமிழ் அம்மா, ஒவ்வொன்றாகப் பிரித்து வாசிப்பார். அறையில் இருந்தவர்கள், மலாய்க்காரர், சீனர், தமிழர், கணக்குப் பிரிவு, கிடங்கு, உற்பத்தி எல்லாரும், “அப்படியானால் நான் இதைச் செய்வேன்” என்று சொல்லவேண்டும். முதல் உறை: பிறையில் இருக்கும் ஊழியர் ஒருவர் வெளியிலிருந்து அலுவலக நெட்வொர்க்குக்குள் நுழையப் பயன்படுத்தும் விபிஎன் பாஸ்வேர்டு திருடுபோய்விட்டது. அவ்வளவுதான். குண்டு வெடிக்கவில்லை, ஃபயர்வாலை யாரும் உடைக்கவில்லை. சரியான பெயர், சரியான பாஸ்வேர்டு, ஃபயர்வால் மரியாதையாக வழிவிட்டுவிட்டது!

கொலோனியல் பைப்லைனில் நடந்ததும் இதேதான். யாரும் பயன்படுத்தாமல் விட்டுப்போன ஒரு பழைய விபிஎன் கணக்கு. கைப்பேசி வழியாக இரண்டாவது உறுதிப்படுத்தல் கேட்கும் வசதி அதில் இல்லை. ஒற்றைப் பாஸ்வேர்டில் திறந்துகொண்டது. நார்வேயின் அலுமினிய நிறுவனம் நோர்ஸ்க் ஹைட்ரோவுக்கு 2019 மார்ச்சில் வந்த ஆபத்து அதைவிட மரியாதையானது: நம்பிக்கையான வாடிக்கையாளரிடமிருந்து வந்த மின்னஞ்சல். அதை ஓர் ஊழியர் திறந்ததோ மூன்று மாதத்துக்கு முன்பு! டிஎஸ்எம்சியில் இணையம் வழியாகக்கூட வரவில்லை. புதிதாக வாங்கிப் பொருத்திய இயந்திரத்துக்குள்ளேயே வைரஸ் உட்கார்ந்திருந்தது, பரிசோதிக்காமல் நெட்வொர்க்கில் செருகிவிட்டார்கள். உலகின் முதல் ரேன்சம்வேர் தெரியுமா? 1989 டிசம்பரில் தபாலில் வந்தது! ஜோசப் பாப் என்ற ஆய்வாளர் ஏறத்தாழ 20,000 பிளாப்பி வட்டுகளை எய்ட்ஸ் நோய் பற்றிய தகவல் என்று அனுப்பிவைத்தார். கணினி பூட்டிக்கொண்டதும் பனாமாவில் ஒரு தபால்பெட்டிக்கு 189 டாலர் அனுப்பச் சொன்னது. ஃபயர்வால் பிரபலமாவதற்கு முன்பே கொள்ளைக்காரன் வாசல் வழியாக வரக் கற்றுக்கொண்டுவிட்டான்.

இதையெல்லாம் கேட்டுவிட்டு ஃபயர்வாலைக் கழற்றிவிடலாமா என்று யாரும் நினைக்கவேண்டாம். அது தினமும் தள்ளிவிடும் குப்பை கொஞ்சமில்லை. எனக்குப் படுவது இதுதான்: வாசலில் செலவழித்த காசில் பாதியாவது உள்ளே செலவழிக்கவேண்டும். அவன் வந்துவிட்டான், இப்போது ஹாலில் நிற்கிறான் என்று வைத்துக்கொண்டு கட்டிய நெட்வொர்க்தான் பிழைக்கிறது. அமெரிக்காவின் ஃபாரெஸ்டர் ஆய்வு நிறுவனத்தில் இருந்த ஜான் கிண்டர்வாக் 2010இல் இதற்கு ‘ஜீரோ டிரஸ்ட்’ என்று பெயர் வைத்தார். உள்ளே இருக்கிறான் என்பதற்காக யாரையும் நம்பிவிடாதே. ஒவ்வொரு கதவிலும் மறுபடி கேள்.

பினாங்குக்காரர்களுக்கு இதை யாரும் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை! பினாங்கு ஸ்திரீட்டில் நகரத்தார் கிட்டங்கிகள் எப்படி இருந்தன என்று நினைத்துப் பாருங்கள். நீண்ட ஒரே கூடம். அதில் பல ‘மார்க்கா’க்களின் வட்டிக்கடை ஏஜெண்டுகள் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு சிறு மேசை, ஒரு பெட்டகம், தன் பூட்டு, தன் சாவி. தெருக்கதவைத் தாண்டி வந்துவிட்டான் என்பதால் ஒருவனுக்கு எல்லாப் பெட்டகமும் திறந்துவிடாது. பக்கத்து மேசைக்காரர் சொந்தக்காரராகவே இருந்தாலும் சாவி வேறுதான். அதோடு ஐந்தொகை எழுதிச் செட்டிநாட்டில் இருக்கும் முதலாளிக்கு அனுப்பிவிடுவார்கள். இங்கே கூடம் எரிந்தாலும் கணக்கு கடலுக்கு அந்தப் பக்கம் பத்திரம். இப்போதைய பாதுகாப்பு நிபுணர் மூச்சுவிடாமல் பேசும் இரண்டு விஷயமும், தனித்தனிப் பூட்டும் தூரத்துப் பிரதியும், அந்தக் கூடத்தில் இருந்தன.

பொறியாளர் என்னைக் காட்டக் கூட்டிப்போனதும் அந்தத் தனித்தனிப் பூட்டுகளைத்தான். அவரிடம் இரண்டு மடிக்கணினி! ஒன்றில் மின்னஞ்சல், இணையம், வேலைப் பேச்சு எல்லாம். இன்னொன்றில் இணையமே கிடையாது, மின்னஞ்சல் கிடையாது. சர்வர்களை நிர்வகிக்கும்போது மட்டும் அதைத் திறப்பார். “என்னை ஏமாத்தி ஒரு மெயில் திறக்க வெச்சுட்டான்னு வைங்க. சாதாரண ஆளோட கணக்குதான் அவன் கைக்குப் போகும், அட்மின் கணக்கு போகாது” என்றார். எனக்குக் கைதட்டவேண்டும்போல் இருந்தது. கும்பல்கள் உள்ளே வந்ததும் முதலில் தேடுவது அட்மின் பாஸ்வேர்டைத்தான். ஒரு கணினியின் நினைவகத்தில் மிச்சமிருக்கும் பாஸ்வேர்டை உருவி எடுக்க ‘மிமிகாட்ஸ்’ என்று ஒரு கருவியே இருக்கிறது. பல அலுவலகங்களில் எல்லாக் கணினிக்கும் ஒரே அட்மின் பாஸ்வேர்டு வைத்திருப்பார்கள், வசதிக்காக. ஒன்றைப் பிடித்தால் எல்லாமே பிடிபட்டதாக அர்த்தம். இங்கே ஒவ்வொரு கணினிக்கும் வெவ்வேறு பாஸ்வேர்டு, தானாகவே அவ்வப்போது மாறிக்கொள்ளும். யாருக்கும் மனப்பாடமாகத் தெரியாது. தேவைப்படும்போது கேட்டு வாங்கவேண்டும், கேட்டவர் பெயர் பதிவாகும்.

அடுத்து ஒரு வேடிக்கை காட்டினார். பக்கத்துப் பக்கத்து மேசையில் இரண்டு கணினி. ஒன்றிலிருந்து இன்னொன்றைத் தொட முயன்றார். முடியவில்லை! ஒரே அறை, ஒரே கம்பி, ஆனால் ஒன்றோடொன்று பேச முடியாது. யோசித்துப் பாருங்கள்: கணக்குப் பிரிவு அக்காவின் கணினி, பக்கத்து மேசை அண்ணனின் கணினியோடு நேரடியாகப் பேசவேண்டிய தேவைதான் என்ன? இருவரும் சர்வரோடு பேசினால் போதும். கோப்புப் பகிர்வுக்கான 445ஆம் போர்ட், தொலைவிலிருந்து கணினியை இயக்கும் 3389ஆம் போர்ட், இரண்டையும் மேசைக்கும் மேசைக்கும் நடுவே அடைத்துவிட்டார்கள். வானாக்ரை ஓடியது 445 வழியாகத்தான். அந்த ஒரு கதவை உள்ளுக்குள் அடைத்திருந்தால் 2017 மே மாதம் எத்தனையோ மருத்துவமனைகளுக்கு வேறு மாதிரி இருந்திருக்கும்.

டில்லி எய்ம்ஸ் மருத்துவமனைக்கு 2022 நவம்பர் 23 அன்று நேர்ந்ததை நான் மறக்கவில்லை. பதிவுச் சீட்டிலிருந்து பரிசோதனை முடிவுவரை எல்லாம் கையெழுத்துக்கு மாறியது, மின் சேவை திரும்ப ஏறக்குறைய இரண்டு வாரம் ஆனது. காரணம் என்ன என்று மாநிலங்களவையில் கேட்டபோது அரசு சொன்ன பதில்: நெட்வொர்க்கை முறையாகப் பிரித்துவைக்காததால் சர்வர்கள் பாதிக்கப்பட்டன. இந்தியாவின் முன்னணி மருத்துவமனை ஒன்றுக்குத் தெருக்கதவு இருந்தது; உள்ளே அறைக்கதவு போதவில்லை. வரிசையில் நின்ற நோயாளிகளை நினைத்தால் இந்தச் சாதாரண 445ஆம் போர்ட் அடைப்புமேல் எனக்கு மரியாதையே வருகிறது.

உற்பத்தித் தளத்தைக் கண்ணாடிக்கு வெளியிலிருந்துதான் பார்க்க முடிந்தது. வெள்ளை அங்கி, நீலக் கையுறை. அங்கே சில சோதனை இயந்திரங்களை இயக்குவது இன்னமும் விண்டோஸ் எக்ஸ்பி! மைக்ரோசாஃப்ட் 2014 ஏப்ரலில் கைவிட்ட எக்ஸ்பி. மாற்றலாமே என்றால், இயந்திரத்தோடு சேர்ந்து வந்தது, மாற்றினால் இயந்திரம் நின்றுவிடும், இயந்திரத்தின் விலையைக் கேட்டால் தலை சுற்றும். அதனால் என்ன செய்திருக்கிறார்கள்? அந்த இயந்திரங்களுக்கென்று ஒரு தனி வட்டம். அதற்குள்ளிருந்து இணையத்துக்கு வழியில்லை, அலுவலகத்துக்கு வழியில்லை, ஒரே ஒரு சர்வருக்கு ஒரே ஒரு வழி. புதிதாக வந்து இறங்கும் இயந்திரத்துக்குச் சரக்கு வாசலருகே ஒரு மூலை ஒதுக்கியிருக்கிறார்கள். அங்கே வைத்துப் பரிசோதித்து, கையெழுத்திட்ட பிறகுதான் தளத்துக்குள் நகரும். டிஎஸ்எம்சிக்கு நேர்ந்தது இந்தத் தீவில் எல்லாருக்கும் நன்றாகவே உறைத்திருக்கிறது. இன்டெல் 1972இல் வந்து இறங்கிய பிறகு சிப் வேலையையே நம்பி வளர்ந்த தீவு இது. ஒரு பெயர் தெரியாத உதிரிபாகக்காரர் நின்றால் எத்தனை பேர் நிற்பார்கள் என்பதும் இங்கே தெரியும். சிப் ஆலைகளுக்குக் கருவி கொடுக்கும் எம்கேஎஸ் நிறுவனம் 2023 பிப்ரவரியில் ரேன்சம்வேரில் மாட்டியபோது, அந்தக் காலாண்டில் மட்டும் ஏறத்தாழ 20 கோடி டாலர் வருவாய் தள்ளிப்போகும் என்று அறிவித்தது.

பொறிக்கோப்புக்கு வருகிறேன், எனக்கு மனசு அங்கேயே சுற்றுகிறது! இதைத் தொடங்கிவைத்தவர்களில் ஒருவர் கிளிஃபோர்ட் ஸ்டால் என்ற வானியலாளர். 1986இல் கலிஃபோர்னியாவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தில் கணினிக் கட்டணக் கணக்கில் 75 சென்ட் இடித்தது. யாரும் கண்டுகொள்ளாத 75 சென்ட். அவர் விடாமல் துரத்தினார். யாரோ தொலைபேசிக் கம்பி வழியாக உள்ளே வந்து ராணுவ ரகசியம் தேடுகிறான் என்று தெரிந்தது. அவனை நீண்ட நேரம் கம்பியில் பிடித்துவைத்தால்தான் எங்கிருந்து பேசுகிறான் என்று கண்டுபிடிக்க முடியும். ஸ்டால் உட்கார்ந்து, இல்லாத ஒரு ராணுவத் திட்டத்தைப் பற்றிப் பக்கம் பக்கமாகப் பொய்க் கோப்புகள் எழுதிவைத்தார்! வந்தவன் ஆசையாக இறக்கிக்கொண்டே இருந்தான். தடம் ஜெர்மனியின் ஹானோவர் நகரம்வரை போய் நின்றது. ஒரு வானியலாளர், கணக்கில் 75 சென்ட், கைநிறையக் கற்பனை. பாயான் லெப்பாஸின் போனஸ் பட்டியலுக்கு அவர்தான் மூதாதை.

மதியம் நாசி கண்டார் பொட்டலங்கள் வந்தன. கிடங்குப் பிரிவு அண்ணன் மீன்முட்டைக் குழம்பை எனக்குத் தள்ளிவிட்டு, “சாப்பிட்டு முடிங்க, அடுத்த உறை மோசமானது” என்றார். உண்மைதான். ‘பேக்கப் சர்வரின் அட்மின் கணக்கே திருடன் கையில். பேக்கப் எல்லாம் அழிக்கப்பட்டுவிட்டது.’ அறையில் யாரும் பேசவில்லை. பூட்டுவதற்கு முன்பு பேக்கப்பை அழிப்பதுதான் இந்தக் கும்பல்களின் வழக்கமே. பேக்கப் இருந்தால் யார் பணம் கொடுப்பார்கள்?

இந்த இடத்தில் மெர்ஸ்க் கதையைச் சொல்லாமல் போகமாட்டேன். டென்மார்க்கின் மாபெரும் கப்பல் நிறுவனம். 2017 ஜூன் 27. உக்ரைனில் எல்லாரும் பயன்படுத்தும் ஒரு கணக்கு மென்பொருளின் அப்டேட்டுக்குள் ஒளிந்து நாட்பெட்யா என்ற வைரஸ் வந்தது. பணம் கேட்பதுபோல் நடித்தாலும் உண்மையில் அழிக்கவே எழுதப்பட்டது. மெர்ஸ்கின் நெட்வொர்க்கில் யார் யார், எவருக்கு எந்தக் கதவு என்ற முழுப் பட்டியலை வைத்திருக்கும் டொமைன் கன்ட்ரோலர் சர்வர்கள் உலகம் முழுக்கச் சுமார் 150. ஒன்று போனால் மற்றது கைகொடுக்கும் என்று ஒன்றோடொன்று பிரதி எடுத்துக்கொண்டே இருந்தன. எல்லாம் ஒரே நேரத்தில் போகும் என்று யாருமே நினைக்கவில்லை. எல்லாமே போயின! எல்லாம் என்றால், ஒன்றைத் தவிர. ஆப்பிரிக்காவின் கானாவில் அந்த நேரம் பார்த்து மின்வெட்டு. அங்கிருந்த கன்ட்ரோலர் அணைந்து கிடந்ததால் தப்பித்துக்கொண்டது! இணையம் வழியாக அனுப்பலாம் என்றால் அங்கே வேகம் போதாது, நாட்கணக்கில் ஆகும். வட்டை எடுத்துக்கொண்டு லண்டனுக்குப் பறக்கலாம் என்றால் கானா ஊழியரிடம் பிரிட்டிஷ் விசா இல்லை. கடைசியில் ஒருவர் நைஜீரியாவுக்கு விமானம் ஏறி, அங்கே விமான நிலையத்தில் இன்னொருவரிடம் வட்டைக் கைமாற்ற, அவர் இங்கிலாந்துக்குக் கொண்டுபோனார். அதன்பிறகு பத்து நாளில் 4,000 சர்வர், 45,000 கணினி, 2,500 செயலி எல்லாவற்றையும் புதிதாக நிறுவினார்கள் என்று நிறுவனத் தலைவர் ஜிம் ஹாகெமன் ஸ்னாபே மறு ஆண்டு டாவோஸ் மாநாட்டில் சொன்னார். பத்து நாள்! நஷ்டம் 25 முதல் 30 கோடி டாலர்.

நெட்வொர்க்கில் செருகியிருக்கும் பிரதி, அசலோடு சேர்ந்து சாகும். அணைத்துவைத்த பிரதி பிழைக்கும். மெர்ஸ்குக்கு மின்வெட்டு செய்துகொடுத்ததை இங்கே வேண்டுமென்றே செய்துவைத்திருக்கிறார்கள். மோசமான அந்த உறைக்கு விடையாக, இதுவரை வாயே திறக்காத ஓர் இளம்பெண் எழுந்து போய், உள்ளங்கையைவிடச் சற்றுப் பெரிய ஒரு கறுப்புப் பெட்டியை மேசையில் வைத்தார். காந்த நாடா! நம் அப்பாக்கள் பாட்டு கேட்ட கேசட்டின் உறவினர்போல இருந்தது, ஆனால் எல்டிஓ ஒன்பதாம் தலைமுறை, இதற்குள் 18 டெராபைட் அடங்கும். வாரம்தோறும் எழுதி, பாலத்துக்கு அந்தப் பக்கம் பட்டர்வொர்த்தில் ஒரு பெட்டகத்துக்குப் போகும். கம்பியில் செருகாத பொருளை ரஷ்யாவிலிருந்தோ வேறெங்கிருந்தோ யாரும் அழிக்க முடியாது. மூன்று பிரதி, இரண்டு வகை ஊடகம், ஒன்று வெளியூரில் என்ற புகழ்பெற்ற 3-2-1 விதியைச் சொன்னவர் பீட்டர் க்ரோக் என்ற புகைப்படக்காரர். கணினி நிபுணர்கூட இல்லை! தன் படங்கள் தொலையக்கூடாதே என்று யோசித்தவர் உலகத்துக்கே விதி எழுதிவிட்டார்.

ஆனால் டேப் இருக்கிறது என்று யாரும் நிம்மதியாக உட்காரவில்லை, அதுதான் இந்த ஒத்திகையில் என்னை அசத்தியது. “வெச்சிருக்கிறது பெருசில்ல. திரும்ப எடுக்க முடியுதான்னு பாக்கணும்” என்றார் தலைவி அம்மா. ஒரு டேப்பை முழுதாக வாசிக்கவே அதன் உச்ச வேகத்தில் 12 மணி நேரத்துக்கு மேல் ஆகும். வாசித்ததை நேராக நெட்வொர்க்கில் விடக்கூடாது. திருடன் மூன்று மாதம் முன்பே வந்திருந்தால் பேக்கப்பிலேயே அவன் விட்டுப்போன விதை இருக்கும். அதனால் எதனோடும் இணையாத ஒரு தனி அறையில் எழுப்பி, சோதித்து, பிறகுதான் வெளியே. கொலோனியல் பைப்லைன் 75 பிட்காயின், அன்றைய மதிப்பில் ஏறத்தாழ 44 லட்சம் டாலர் கொடுத்துத் திறவுகோல் வாங்கியது. அந்தத் திறவுகோல் அவ்வளவு மெதுவாக வேலை செய்ததால் தங்கள் பேக்கப்பையே நம்பி மீளவேண்டியிருந்தது!

பணம் கொடுப்பதா என்ற உறையும் வந்தது. விமான நிலையச் சம்பவத்தில் கேட்டது ஒரு கோடி அமெரிக்க டாலர். ஐந்து விநாடிகூட எடுக்காமல் முடியாது என்று சொன்னதாகப் பிரதமர் டத்தோஸ்ரீ அன்வார் இப்ராஹிம் பகிரங்கமாகவே தெரிவித்தார். விமான நேரங்களை வெள்ளைப்பலகையில் கையால் எழுதிய படங்கள் அந்த நாட்களில் எல்லார் கைப்பேசியிலும் வந்தன. சிலர் கேலி செய்தார்கள். எனக்கு அந்தப் பலகையைப் பார்த்ததும் நோர்ஸ்க் ஹைட்ரோதான் நினைவுக்கு வந்தது. பணம் கொடுக்க மறுத்துவிட்டு, கணினியைச் செருகாதீர்கள் என்று வாசல்களில் காகிதம் ஒட்டி, கையால் ஆலை நடத்தத் தெரிந்த ஓய்வுபெற்ற ஊழியர்களைத் திரும்ப அழைத்து ஓட்டினார்கள். கையால் வேலையைத் தொடரத் தெரிந்த நிறுவனத்திடம் மிரட்டல் பாதி பலம் இழந்துவிடுகிறது. மீதிப் பாதி, திருடிய தகவலை வெளியிடுவேன் என்பது. 2019 முதல் கும்பல்களின் இரண்டாவது ஆயுதம் அது. அதற்கு எந்த டேப்பும் மருந்தில்லை. யாருக்கும் தேவைப்படாத பழைய வாடிக்கையாளர் விவரத்தை முன்பே அழித்துவிடுவதுதான் தற்காப்பு என்று கணக்குப் பிரிவு அக்கா சொன்னார். ஒத்திகையில் நான் கேட்ட மிகச் சிறந்த வாக்கியங்களில் அது ஒன்று.

சட்டத்தைப் பற்றி ஒரு வரி சொல்லிவிடுகிறேன். மலேசியாவின் இணையப் பாதுகாப்புச் சட்டம் 2024 ஆகஸ்ட் 26 முதல் நடப்பில் இருக்கிறது. வங்கி, மின்சாரம், போக்குவரத்து, மருத்துவம் போன்ற முக்கியத் துறைகளில் அடையாளம் காணப்பட்ட நிறுவனங்கள் சம்பவம் தெரிந்த ஆறு மணி நேரத்துக்குள் நாக்சா என்னும் தேசிய இணையப் பாதுகாப்பு நிறுவனத்துக்குச் சொல்லியாகவேண்டும். நம் ரேப்பிட் பினாங்கு பேருந்துகளை ஓட்டும் பிரசரானா, தன் உள் அமைப்பில் ஊடுருவல் நடந்ததாக அறிவித்ததும் அதே ஆகஸ்ட் மாதத்தில்தான்.

மாலை நான்கு மணிக்குத் தே தாரேக் வந்தபோது மேசையில் ஒரே ஒரு வேலை மிச்சம்: எதை முதலில் எழுப்புவது என்ற வரிசைப் பட்டியல். முதலில் டொமைன் கன்ட்ரோலர். அடுத்து மின்னஞ்சல் என்றார் ஒருவர். வேண்டாம், அதுவரை வாட்ஸ்அப்பும் அச்சடித்த தொலைபேசிப் பட்டியலும் போதும் என்றார் இன்னொருவர். உற்பத்திக் கட்டளை சர்வர் மூன்றா நான்கா என்று பத்து நிமிடம் வாக்குவாதம். எல்லாம் முடிந்து கையெழுத்துப் போடப்போகும் நேரத்தில், மீன்முட்டை கொடுத்த கிடங்கு அண்ணன் கை தூக்கினார். “எல்லாத்தையும் எழுப்பிட்டீங்க. சரக்குப் பெட்டியில ஒட்டுற லேபல் அடிக்கிற கணினி எங்கேம்மா?”

பட்டியலில் இல்லை! எவர் பட்டியலிலும் இல்லை! லேபல் இல்லாமல் ஒரு பெட்டிகூட விமானம் ஏறாது. தலைவி அம்மா பேனாவைத் திறந்தார். பொறியாளர் அதற்கு ஏழாவது இடம் போதும் என்றார், கணக்குப் பிரிவு அக்கா இன்வாய்ஸ் இல்லாமல் லேபல் எதற்கு என்றார், கிடங்கு அண்ணன் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு, மூன்றாவது இடத்துக்குக் குறைந்து ஒப்புக்கொள்ளமாட்டேன் என்று தொடங்கினார். நான் புறப்படும்போது நான்காவது இடத்துக்கு வந்திருந்தார்கள்.